எதிராளிக்கும் சேர்த்து ஒரு ஜோடி

பயிற்சிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஜாப் என்றால் என்னவென்று தெரியாது. கால் எப்படி வைத்து நிற்பது என்று தெரியாது. ஆனால் போனில் நாலைந்து ஜோடி கிளவுஸ் படம் எடுத்து வைத்திருப்பார்கள். "இதுல எது நல்லது மாஸ்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு வட சென்னையில் இந்தக் கேள்வி ஓய்ந்த பாடில்லை. இப்போது பெண் பிள்ளைகளும் அதே ஆவலோடு கேட்கிறார்கள். ஆசைப்படுவதில் குற்றமில்லை. என்றாலும் நான் சொல்கிற பதில் மாறுவதில்லை: "மொதல்ல பேண்டேஜ் வாங்கிட்டு வா. கிளவுஸ் அப்புறம் பாத்துக்கலாம்."

பேண்டேஜ் என்று நாங்கள் சொல்வது கையில் சுற்றும் துணிப்பட்டையை. நாலரை மீட்டர் நீளம். கடையில் 180 அங்குலம் என்று கேட்டால் கொடுப்பார்கள். மணிக்கட்டோடு சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. குத்து விழும்போது அதிர்ச்சியை வாங்குவது முட்டிகளும், அவற்றுக்குப் பின்னால் புறங்கைக்குள் ஓடும் ஐந்து நீள எலும்புகளும், மணிக்கட்டும். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிப் பிடிப்பதுதான் பேண்டேஜின் வேலை. மெத்தை கொடுப்பது கிளவுஸின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "நல்ல கிளவுஸ் இருக்கே, பேண்டேஜ் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சுண்டுவிரலுக்கு நேர்கீழே உள்ள எலும்பு முறிவதற்கு மருத்துவர்கள் குத்துச்சண்டைக்காரன் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முறிவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பலர் கோபத்தில் சுவரைக் குத்தியவர்கள். பழகியவன் சுண்டுவிரல் பக்கத்தால் குத்தமாட்டான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டிகளும் முதலில் படும்படி குத்துவான்.

கட்டும் விதத்தில் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. நான் சொல்லித்தருவது இது: வளையத்தைக் கட்டை விரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து எடுத்து, மிச்சத்தை மணிக்கட்டில் கொண்டுவந்து முடிப்பது. கட்டும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்திருக்க வேண்டும். முஷ்டி மடக்கும்போதுதான் இறுக வேண்டும். விரித்த கையிலேயே விரல் நுனி நீலம் பூத்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

இனி கிளவுஸ். சென்னையில் வாங்குவதென்றால் எனக்குப் பெரியமேடுதான். ஒரு பக்கம் தோல் வியாபாரம், இன்னொரு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள், பக்கத்திலேயே நேரு ஸ்டேடியம். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டது அந்த ஸ்டேடியத்தில்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லி மாளமாட்டார்கள். கடைகளில் தொங்கும் உள்நாட்டுச் சரக்கில் பெரும்பகுதி மீரட்டிலும் ஜலந்தரிலும் தைத்தது. ஆன்லைனில் ஐம்பது நூறு குறையலாம். ஆனால் கிளவுஸைக் கையில் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அதுவும் வெறும் கையில் அல்ல, பேண்டேஜ் கட்டிய கையில். "பாய், கொஞ்சம் உக்காந்து கட்டிக்கறேன்" என்றால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. அவருக்கும் தெரியும், இப்படி வாங்குகிறவன் நாளைக்கு மாற்றித் தரச் சொல்லி வந்து நிற்கமாட்டான்.

போட்டதும் பார்க்க வேண்டியது விரல் நுனி. உள்ளே மேல் விளிம்பை லேசாகத் தொட்டால் சரி. நுனி மடங்கி நின்றால் சின்னது. கை உள்ளே முன்னும் பின்னும் ஓடினால் பெரியது. அடுத்து முஷ்டி மடக்கு. நல்ல கிளவுஸ் கையோடு சேர்ந்து மடங்கும். மட்டமானது விரலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் போட்டு மூன்று ரவுண்டு ஆடினால் குத்தினதை விட முஷ்டி பிடித்ததிலேயே முன்கை கடுக்கும். கட்டை விரலைப் பலர் பார்ப்பதே இல்லை. அது இயல்பாக மற்ற விரல்களின் மேல் படிய வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கட்டை விரல் பகுதியை உள்ளங்கைப் பக்கத்தோடு ஒரு சின்னப் பட்டை தைத்து இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் கட்டை விரல் பின்னால் மடங்காமல் காக்கும். எதிராளியின் கண்ணில் உங்கள் விரல் நுழையாமலும் காக்கும்.

பிறகு முட்டிப் பகுதியை உங்கள் இன்னொரு கை கட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் முட்டி எலும்பு தட்டுப்படக் கூடாது. விரலை எடுத்ததும் குழி தானாக மேலே வர வேண்டும். ஒரேயடியாகப் பஞ்சு மாதிரி அமுங்குவதும் ஆகாது; அது கடையில் சுகமாக இருக்கும், ஒரு மாதத்தில் படுத்துவிடும். மணிக்கட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அடைப்பு இறுகிய பிறகு மணிக்கட்டு முன்பக்கம் மடியவே கூடாது.

உள் அஸ்தரைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. விரலை உள்ளே விட்டு நுனிப் பக்கம் தடவினால் தையல் முடிச்சும் மடிப்பும் தட்டுப்படும். அது நகக்கண்ணில் உரசினால், அந்த ஜோடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெளித் தையலை வரிசையாகப் பாருங்கள். தையல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்ளியில் நடந்த சண்டையில் ஹென்றி கூப்பர் நாலாவது ரவுண்டின் கடைசியில் இடது ஹூக் ஒன்றில் காசியஸ் கிளேயைக் கீழே தள்ளினார். அலியாகப் பெயர் மாற்றிக்கொள்வதற்கு முந்தைய வருடம் அது. கிளேயின் கிளவுஸில் தையல் விட்டிருந்தது. அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி அந்தக் கிழிசலை நடுவரிடம் காட்டிப் பேச்சை வளர்த்தார். விரலை விட்டுக் கிழிசலைக் கொஞ்சம் பெரிதாக்கியதையும் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். இடைவேளை நிமிடக்கணக்கில் நீண்டது என்று கதை சொல்வார்கள். படச்சுருளைப் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்தது சில விநாடிகள்தான். அடுத்த ரவுண்டில் கூப்பரின் கண் மேல் வெட்டு விழுந்து சண்டை கிளே பக்கம் முடிந்தது. நல்ல பயிற்சியாளர் கிளவுஸின் தையல் வரைக்கும் தெரிந்து வைத்திருப்பார் என்பதற்கு டண்டிதான் எனக்கு எப்போதும் உதாரணம்.

தோலா, ரெக்ஸினா? கைச்செலவைப் பொறுத்தது. ஆரம்பத்தில் ரெக்ஸின் போதும், வெட்கப்பட வேண்டாம். ஆறேழு மாதத்தில் ஆட்டத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நிலைத்து நின்றால் தோலுக்கு மாறுங்கள். தோல் கையின் வாகுக்குப் படிந்து வரும். ரெக்ஸின் படியாது, மடிப்பில் வெடிக்கும். கயிறா, வெல்க்ரோவா என்பதற்கும் அப்படித்தான். கயிறு போட்டுக் கட்டியது மணிக்கட்டை ஒரே சீராகப் பிடிக்கும். ஆனால் கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாக வந்து, தொங்கும் பேக்கை அடித்துவிட்டுப் போகிறவனுக்கு வெல்க்ரோதான் வழி. வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எதிராளியின் கழுத்தையும் கன்னத்தையும் கிழித்துவிடும். ஆளோடு ஆடும் ஸ்பாரிங்குக்கு முன் அதன் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டாதவனை நான் மேடை ஏற விடுவதில்லை.

அடுத்தது எடை. இதில்தான் குழப்பம் அதிகம். அவுன்ஸ் என்பது எடை, கையின் அளவு இல்லை. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். 10 அவுன்ஸ் கிளவுஸ் ஒன்று 283 கிராம், 12 என்றால் 340, 16 என்றால் 454. இரண்டு கம்பெனிகளின் 12 அவுன்ஸில் ஒன்றில் கை நுழையாது, இன்னொன்றில் கை நீந்தும். எடையும் அச்சடித்தபடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். மளிகைக் கடைத் தராசிலோ அடுப்படித் தராசிலோ வைத்துப் பாருங்கள். விலை மலிவான ஜோடிகளில் இடதுக்கும் வலதுக்கும் கூட எடை ஒத்துப்போகாததைப் பார்த்திருக்கிறேன்.

தொழில்முறைச் சண்டையில் வெல்டர் எடையான 147 பவுண்டு வரைக்கும் 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 என்பது பரவலான வழக்கம். அமெச்சூரில் எடை குறைந்தவர்களுக்கு 10, கூடியவர்களுக்கு 12. இதைப் படித்துவிட்டுப் பையன் 10 அவுன்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். போட்டிக்கு உரிய கிளவுஸைப் போட்டி நடத்துகிறவர்களே கொடுப்பார்கள், சிவப்பு மூலைக்குச் சிவப்பு, நீல மூலைக்கு நீலம். அதை நாம் வாங்க வேண்டியதே இல்லை. நாம் வாங்குவது பயிற்சிக்கு. பயிற்சியில் பேக்கும், பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடும் அடிக்க 10, 12 போதும். ஆளோடு ஆள் ஆடும் ஸ்பாரிங்குக்கு வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் 16. மிக ஒல்லியானவர்களுக்கு 14 வரை இறங்கலாம். அதற்குக் கீழே நான் சம்மதிப்பதில்லை.

"கனமா இருந்தா கை வேகம் கொறையுது மாஸ்டர்" என்பான். குறையட்டும். வேகம் குறைவதற்காகத்தான் அந்தக் கனம். உன் எதிரே நிற்பவன் நாளைக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டியவன், அல்லது பரீட்சை எழுத வேண்டியவன். பேக்குக்கு மூளை கிடையாது, இவனுக்கு உண்டு.

கிளவுஸ் வந்ததால் குத்துச்சண்டை மென்மையானது என்று ஒரு நினைப்பு பொதுவில் இருக்கிறது. நான் முழுதாக ஒப்புக்கொள்ளமாட்டேன். 1867-ல் வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கட்டாயமாக்கின. 1892-ல் நியூ ஆர்லியன்ஸில் கார்பெட் சல்லிவனை வீழ்த்தியபோது ஹெவிவெயிட் பட்டம் வெறுங்கையிலிருந்து கிளவுஸுக்கு மாறிவிட்டது. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் குத்துகிறவன் கை உடையும். அதனால் அந்தக் காலத்தவர்கள் தலையை யோசித்துத்தான் குத்தினார்கள். கை பத்திரமானதும் தலைக்குப் போகும் குத்து கூடியது. வெட்டும் ரத்தமும் குறைந்தன, தலைக்குள் போகும் அதிர்ச்சி குறையவில்லை. 16 அவுன்ஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் முழு பலத்தோடு ஸ்பாரிங் ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மெத்தை ஓரளவுக்குத்தான் காக்கும்.

அந்த மெத்தையும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூன் 16 சாட்சி. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பில்லி காலின்ஸ் என்ற தோல்வியே காணாத இளைஞரும் லூயிஸ் ரெஸ்டோவும் பத்து ரவுண்டு ஆடினார்கள். அன்று ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டவர் ரெஸ்டோ. காலின்ஸின் இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. சண்டை முடிந்து ரெஸ்டோவுக்குக் கை கொடுக்கப் போன காலின்ஸின் அப்பா, கிளவுஸைப் பிடித்ததும் விடவில்லை. உள்ளே மெத்தை மெலிந்திருந்தது அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ரெஸ்டோவின் பயிற்சியாளர் பனாமா லூயிஸ் அதிலிருந்து திணிப்பை எடுத்திருந்தது விசாரணையில் நிரூபணமானது. இருவரும் சிறைக்குப் போனார்கள். கைக்கட்டும் பிளாஸ்டர் கலவையில் தோய்த்தது என்று பல வருடங்கள் கழித்து ரெஸ்டோவே சொன்னார். காலின்ஸ் பார்வை கெட்டு, திரும்ப மேடை ஏறவே இல்லை. அடுத்த வருடம் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். 22 வயது.

இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்வது பயமுறுத்துவதற்கு அல்ல. அங்கே ஒருவன் வேண்டுமென்றே திணிப்பை எடுத்தான். நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களில் அதே வேலையை நாள்பட்ட உபயோகம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. செத்துப்போன கிளவுஸ் ஒன்றை முட்டிப் பக்கம் பிளேடால் கீறிப் பிரித்துக் காட்டுவது என் வழக்கம். மேலே தோல், அதற்குக் கீழே நுரை அடுக்குகள். விளிம்பில் குத்து படாத இடத்தில் நுரை வாங்கின அன்று இருந்த தடிமனில் புசுபுசுவென்று இருக்கும். முட்டிக்கு நேரே வந்தால் அதே நுரை பழைய இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி கட்டிதட்டிப் பாதியாகக் குறைந்திருக்கும், விரலால் அமுக்கினால் அமுங்காது. முட்டிகளின் அச்சு குழி குழியாகப் பதிந்திருக்கும். வெளியே தோல் பளபளவென்று இருக்கும். பார்த்தால் யாரும் பழையது என்று சொல்லமாட்டார்கள். பிரித்த துண்டைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்த பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை.

பேக்கில் அடிக்க ஒரு ஜோடி, ஆள் மேல் போட இன்னொரு ஜோடி என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். நுரையை வேகமாகக் கொல்வது பேக். அதில் அடித்து அடித்துக் கல்லான கிளவுஸோடு ஸ்பாரிங் வந்தால், அது 16 அவுன்ஸ் எடை காட்டினாலும் மெத்தை இல்லாத 16 அவுன்ஸ். இரண்டு ஜோடி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது: சொந்தக் காசில் பேக் கிளவுஸ் வாங்கு, ஸ்பாரிங் ஜோடி கிளப்பின் பொறுப்பு. யூடியூப் பார்த்துவிட்டு மெக்ஸிகோவின் கிளெட்டோ ரெயஸ் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடுதான், உள்ளே குதிரைமுடித் திணிப்பு வைத்துத் தைப்பதில் பெயர் பெற்றது. குத்து எதிராளிக்கு நன்றாக உறைக்கும். அதனாலேயே கூடப் பழகுகிறவன் மேல் அதைப் போட நான் விடமாட்டேன்.

பராமரிப்பு என்று வந்தால் சென்னையில் முதல் எதிரி வியர்வை, இரண்டாவது எதிரி காற்றில் இருக்கும் ஈரம். வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து இருக்கும்போது கிருமிகள் பெருகி அதைத் தின்பதால் வருவதுதான் அந்த வாடை. ஆகவே வாசனை ஸ்பிரே அடிப்பது வீண். ஈரத்தை எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் கழற்றி, அடைப்பை முழுக்கத் திறந்து, உள்ளே காய்ந்த துணியால் விரல் நுனி வரை துடைக்கவும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிக்கவும். அரை மணி நேரத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எடுத்து எறிந்துவிட்டு வாயைத் திறந்தபடி ஃபேனுக்கு எதிரே வைக்கவும். பையில் போட்டு ஜிப்பை மூடி அடுத்த நாள் வரை கட்டிலுக்கு அடியில் தள்ளுவதுதான் கிளவுஸுக்குச் செய்யும் பெரிய கொடுமை.

வெயிலில் போடலாமே என்பார்கள். கூடாது. சித்திரை வெயில் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சி விறைக்கவைக்கும், ஒட்டுப் பசையை விடுவிக்கும், நுரையையும் கெடுக்கும். வாஷிங் மெஷின் அதைவிட மோசம். நுரைக்குள் போன தண்ணீர் வெளியே வராது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. கிருமி சாகாது, உறங்கும். வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும். பவுடர் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து உள்ளே களியாகிவிடும். வாரம் ஒரு முறை, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து அஸ்தரைத் துடைத்துக் காயவிட்டால் போதும். இரவில் ஒரு மெல்லிய துணியில் சமையல் சோடாவை முடிந்து உள்ளே வைத்துக் காலையில் எடுத்தால் வாடை மட்டுப்படும். வெளித் தோலை ஈரத் துணியால் துடைத்து, வறண்டதாகத் தெரிந்தால் தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரைச் சன்னமாகத் தடவலாம். தேங்காய் எண்ணெயைத் தொடாதீர்கள். பளபளப்பு வரும், பின்னாலேயே சிக்கு நாற்றமும் வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் தினமும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பூசணம் கட்டை விரல் மடிப்பில்தான் முதலில் உட்காரும்.

பேண்டேஜைத் தினமும் துவைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வியர்வையை வாங்கிக்கொள்வதால்தான் கிளவுஸ் பிழைக்கிறது. துவைக்காத பேண்டேஜைக் கட்டிக்கொண்டு கிளவுஸ் நாறுகிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை. வெல்க்ரோவில் சிக்கிய முடியையும் நூலையும் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் பிடிப்பு திரும்ப வரும்.

கிளப் நடத்துகிறவர்களிடம் இரண்டு வார்த்தை. பொதுக் கிளவுஸ்தான் நம் எல்லாக் கூடங்களிலும் நடைமுறை; அதை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் படர்தாமரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது அதன் வழியாகத்தான். சொந்த பேண்டேஜ் இல்லாமல் பொதுக் கிளவுஸில் யாரையும் கை நுழைக்க விடாதீர்கள். ஒருவர் கழற்றியதை ஈரத்தோடு அடுத்தவர் மாட்டுவதையும் அனுமதிக்காதீர்கள். கையில் அரிப்போ வட்டமாகத் தடிப்போ இருக்கும் பிள்ளையை, தோல் டாக்டரைப் பார்த்துச் சரியாகும்வரை கயிறு தாண்டலும், ஆளில்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோவும் செய்ய வையுங்கள். ஸ்பாரிங் ஜோடி ஒவ்வொன்றின் உள்பட்டையிலும் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை முட்டிப் பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பு தட்டுப்பட்டால் அந்த ஜோடி அன்றோடு பேக்குக்குப் போகட்டும், காசு கொடுத்து வாங்கினோமே என்று பார்க்காதீர்கள். நல்ல 16 அவுன்ஸ் இரண்டு ஜோடி கைவசம் இல்லாத நாளில் ஸ்பாரிங் கிடையாது. பேடு அடிக்கட்டும், கயிறு தாண்டட்டும்.